ஒரு துளியில் எல்லா நஞ்சும் தெரிந்துவிடுமா? – ஆசிரியருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்புழை எலக்ட்ரோஃபோரசிஸ் என்னும் பிரிப்பு முறையை, அயனிகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறை நிறமாலைமானியுடன் இணைத்து, ஒரு தனிமம் எந்தெந்த வேதி வடிவங்களில் இருக்கிறது என்பதைத் தனித்தனியே அளக்கும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பொதுவாக ஆய்வகச் சுவர்களைத் தாண்டாத ஒரு பொருளைத் தமிழ் நாளிதழ் ஒன்று எடுத்துக்கொண்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஒரு துளி மாதிரி இருந்தால் போதும், அதிலுள்ள எல்லா நச்சு உலோகங்களும் தெரிந்துவிடும் என்ற பொருள்பட அக்கட்டுரை முடிந்திருந்ததை, பகுப்பாய்வு வேதியியலில் பணிபுரிபவன் என்ற முறையில் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இம்முறைக்குத் துளிக்கும் குறைந்த மாதிரி போதும் என்பது உண்மை. அதிலிருந்து, மிகக் குறைந்த செறிவையும் இது எளிதில் கண்டுபிடித்துவிடும் என்று முடிவு கட்டுவது பிழை. உண்மை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், கட்டுரை சரியாகச் சொன்ன ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்சனிக் என்றவுடன் நஞ்சு என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் கடல்வாழ் உயிரினங்களின் தசையில் உள்ள ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்னும் கரிமச் சேர்மமாக இருக்கிறது. 1977-இல் ஆஸ்திரேலியக் கல் இறால் (லாப்ஸ்டர்) வகை ஒன்றிலிருந்து இது பிரித்து அடையாளம் காணப்பட்டது. சுண்டெலிகளில் நடந்த சோதனைகளில், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 10 கிராம் கொடுத்தும் இதன் சாவளவு எட்டப்படவில்லை. ஆர்சனிக் டிரைஆக்சைடுக்கோ அந்த அளவு சில பத்து மில்லிகிராம்தான். ஆகவே ஒரு மீனில் மொத்த ஆர்சனிக் இவ்வளவு என்று மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த மீன் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. மூன்று இணைதிறன் குரோமியமும் ஆறு இணைதிறன் குரோமியமும் அப்படித்தான். பின்னது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, முன்னதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம் பாதரசத்தின் கரிம வடிவமான மெத்தில் பாதரசம் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள்.

இதனால்தான் சட்ட வரம்புகளும் சில இடங்களில் வடிவத்தைக் குறிப்பிட்டே வகுக்கப்பட்டிருக்கின்றன. தீட்டிய அரிசிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2014-இல் ஏற்ற வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அது கனிம ஆர்சனிக்குக்கு மட்டுமான வரம்பு, மொத்த ஆர்சனிக்குக்கு அன்று. மாறாக, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் வழிகாட்டு அளவு மொத்த ஆர்சனிக்கையே குறிக்கிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக் ஏறக்குறைய முழுவதும் கனிம வடிவிலேயே இருப்பதால், அங்கே மொத்த அளவே தீர்ப்புச் சொல்லப் போதுமானது. அந்த நீரைச் சுத்திகரிக்கப் போகிறவருக்குத்தான் வடிவம் தெரிய வேண்டும். மூன்று இணைதிறன் ஆர்சனிக் சாதாரண நீரின் பி.எச். நிலையில் மின்னேற்றமற்ற அமிலமாக இருப்பதால் அயனிப் பரிமாற்றப் பிசினில் பிடிபடாமல் நழுவிவிடும். அதை முதலில் ஐந்து இணைதிறன் வடிவுக்கு ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். எங்கே வடிவ ஆய்வு தேவை, எங்கே தேவையில்லை என்ற இந்த வேறுபாடு கட்டுரையில் எங்கும் தென்படவில்லை.

இனி முறைக்கு வருகிறேன். ஜோர்கென்சனும் லூகாக்ஸும் 1981-இல் வெளியிட்ட ஆய்வுகளோடு இன்றைய நுண்புழை எலக்ட்ரோஃபோரசிஸ் தொடங்குகிறது எனலாம். உருக்கிய சிலிக்காவால் ஆன, பெரும்பாலும் 50 முதல் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள, அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளமுள்ள குழாயில், பி.எச். எளிதில் மாறாத தாங்கல் கரைசலை நிரப்பி, இரு முனைகளுக்கும் இடையே 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். குழாய்ச் சுவரிலுள்ள சிலனால் தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறுவதால், உள்ளே இருக்கும் திரவம் முழுவதுமே எதிர்மின்வாயை நோக்கி நகரும். இந்த ஓட்டத்தின்மேல் ஒவ்வோர் அயனியும் தன் ஏற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப முந்தியோ பிந்தியோ செல்வதால் அவை பிரிகின்றன. ஏற்றமில்லாத மூலக்கூறுகள் எல்லாம் திரவத்தோடு ஒன்றாகவே வந்து சேரும். அவற்றை இந்த முறை தானாகப் பிரிக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தின் விளைவு பெரிது. நடுநிலை பி.எச்.-இல் மூன்று இணைதிறன் ஆர்சனிக் ஏற்றமற்ற ஆர்சீனியஸ் அமிலமாக இருக்கும். ஆர்சனோபீட்டைனோ நேர், எதிர் ஏற்றங்கள் இரண்டையும் தன்னுள் கொண்டிருப்பதால் மொத்தத்தில் ஏற்றமற்றது. ஆகவே மிகக் கொடிய வடிவமும் ஏறக்குறையத் தீங்கற்ற வடிவமும் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே வரும். இவற்றைப் பிரிக்க வேண்டுமானால் தாங்கல் கரைசலின் பி.எச்.-ஐ 9-க்கு மேல் உயர்த்த வேண்டும். 9.2-ஐ ஒட்டி ஆர்சீனியஸ் அமிலத்தில் பாதி புரோட்டானை இழந்து எதிரயனியாகிறது. ஆர்சனோபீட்டைன் அப்படியே நிற்கிறது. ஆர்சனிக்கின் மற்ற வடிவங்களான டைமெத்தில் ஆர்சினிக் அமிலமும் மோனோமெத்தில் ஆர்சோனிக் அமிலமும் ஐந்து இணைதிறன் ஆர்சனேட்டும் அந்த நிலையில் வெவ்வேறு வேகங்களில் செல்வதால், இந்த ஐந்தையும் ஒரே ஓட்டத்தில், பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள், பிரித்துவிடலாம். தாங்கல் கரைசலைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு வேதியியல் அடங்கியிருக்கிறது. கருவியின் பொத்தானை அழுத்தினால் நடந்துவிடும் காரியம் இல்லை.

குரோமியத்தில் சிக்கல் வேறு மாதிரியானது. ஒரு வடிவம் நேரயனி, மற்றது எதிரயனி என்பதால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்ல முனைகின்றன. மூன்று இணைதிறன் குரோமியத்தை ஈ.டி.டி.ஏ. போன்ற, உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும் ஈனியுடன் பிணைத்து எதிரயனியாக்கி, இரண்டையும் ஒரே பக்கம் ஓட விடுவது வழக்கம். ஆனால் அந்த அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை எளிதில் விடாது. பிணைப்பு முடியச் சூடாக்க வேண்டியிருக்கும். சூடாக்கும்போது மாதிரியிலுள்ள கரிமப் பொருட்கள் ஆறு இணைதிறன் வடிவத்தை ஒடுக்கிவிடக்கூடும். அளப்பதற்காகச் செய்த ஏற்பாடே அளக்க வேண்டியதை மாற்றிவிடும் இந்த ஆபத்து வடிவ ஆய்வு முழுவதையும் தொடர்ந்து வருவது.

பிரிந்து வருபவற்றை அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியைக் கட்டுரை ஒரே கருவியாகப் பேசுகிறது. நடைமுறையில் இருவேறு வகைகள் பயன்படுகின்றன. அவை தரும் விடைகளும் வேறு. அமெரிக்காவில் அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஹூக்கும் அவருடைய குழுவினரும் 1980-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த ஐ.சி.பி.-எம்.எஸ். (தூண்டல் பிளாஸ்மா நிறை நிறமாலைமானி) கருவியில், 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மா, வரும் சேர்மம் எதுவாயினும் அதை அணுக்களாக உடைத்து அயனியாக்கிவிடும். எத்தனை ஆர்சனிக் அணுக்கள் வந்தன என்பதை அது மிக நுட்பமாகச் சொல்லும். அவை எந்த மூலக்கூறில் இருந்தன என்பதற்கான தடயம், அவை குழாயிலிருந்து வெளிவந்த நேரம் ஒன்றுதான். மின்தெளிப்பு அயனியாக்கக் கருவியோ மூலக்கூறை உடைக்காமல் எடைபோடும். இதை நுண்புழையுடன் இணைத்த முதல் ஆய்வு ரிச்சர்ட் ஸ்மித் குழுவினருடையது, 1987-இல் வெளிவந்தது. வந்தது என்ன சேர்மம் என்பதை அது சொல்லும். ஆனால் எவ்வளவு என்று கேட்டால், ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு திறனுடன் அயனியாவதால், அந்தந்தச் சேர்மத்தின் தூய மாதிரி கையில் இல்லாமல் உறுதியாகச் சொல்லாது. ஐ.சி.பி.-எம்.எஸ். வரைபடத்தில் பெயர் தெரியாத ஒரு முகடு தோன்றும்போதுதான் இரண்டாவது கருவியின் அருமை புரியும். அந்நேரத்தில் அதன் கண்டறியும் எல்லை, அதாவது அதனால் உணரக்கூடிய மிகக் குறைந்த அளவு, போதாமல் போவதும் அடிக்கடி நடப்பதே.

பிளாஸ்மா கருவியும் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடாது. ஆர்கானும் குளோரினும் சேர்ந்த அயனியின் நிறை எண் 75. ஆர்சனிக்கின் ஒரே நிலையான ஐசோடோப்பின் நிறை எண்ணும் அதுவே. இரு ஆர்கான் அணுக்கள் சேர்ந்த அயனி 80-இல் வந்து, செலினியத்தின் மிகுதியான ஐசோடோப்பை மறைத்துவிடுகிறது. குரோமியம் 52-க்கு ஆர்கான்-கார்பன் அயனி போட்டியாக நிற்கிறது. இத்தகைய கூட்டு அயனிகளை வடிகட்டும் ஹீலியம் நிரப்பிய மோதல் அறையாலும், ஆக்சிஜனைச் சேர்த்து ஆர்சனிக்கை 91-ஆம் நிறைக்கு நகர்த்திவிடும் உத்தியாலும் இவை பெருமளவு தீர்க்கப்பட்டுள்ளன. இங்கே பிரிப்பு முறையும் கைகொடுக்கிறது: குளோரைடு மிக வேகமாக நகரும் அயனி என்பதால், ஆர்சனிக் வடிவங்களிலிருந்து அது விலகி வேறு நேரத்தில் பிளாஸ்மாவை அடையும்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன இடம்தான் இத்துறையினரின் உழைப்பை அதிகம் விழுங்கியது. நுண்புழையையும் பிளாஸ்மாவையும் எங்கே, எப்படி ஒட்டுவது? நுண்புழையிலிருந்து நிமிடத்துக்குச் சில நூறு நானோலிட்டர் திரவமே வெளிவருகிறது. திரவத்தை நுண்துளிகளாக்கிப் பிளாஸ்மாவுக்குத் தெளிக்கும் வழக்கமான நெபுலைசரோ நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில் திரவத்தை எதிர்பார்க்கிறது. ஊறும் ஊற்றை வைத்துக்கொண்டு ஏற்றம் இறைப்பதைப் போன்ற நிலை இது. அதோடு, எலக்ட்ரோஃபோரசிஸ் நடக்க வேண்டுமானால் குழாயின் வெளிமுனையிலும் மின்சுற்று முழுமையடைய வேண்டும். ஆனால் அந்த முனையோ கரைசல் நிறைந்த குப்பியில் இல்லாமல், வாயு பீறிடும் நெபுலைசருக்குள் இருக்கிறது.

1995 வாக்கில் வெளிவந்த முதல் இணைப்புகளிலிருந்து இன்றுவரை பரவலாகக் கையாளப்படும் தீர்வு, குழாயின் முனையைச் சுற்றித் துணைத் திரவம் ஒன்றைப் பாயச் செய்வது. பிளாட்டினக் கம்பியின் வழியே தரையிணைப்புப் பெற்ற அத்திரவம் மின்சுற்றையும் முடித்துவைக்கிறது, நெபுலைசருக்கு வேண்டிய திரவ அளவையும் ஈடுகட்டுகிறது. துணைத் திரவத்தால் மாதிரி நீர்த்துப்போகாதா என்று கேட்கலாம். பிளாஸ்மா கருவி ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் வந்தன என்பதற்கே பெரும்பாலும் பதில் தருவதால் இந்த நீர்த்தல் அங்கே பெரிய இழப்பன்று. மின்தெளிப்புக் கருவிக்கு அது உண்மையான இழப்பு. அதனால்தான் அங்கே துணைத் திரவமே இல்லாத முனைகளை உருவாக்க இவ்வளவு முயற்சி நடந்தது.

உண்மையான தொல்லை உறிஞ்சலில் இருக்கிறது. நெபுலைசரில் விரையும் ஆர்கான் தன் முன்னுள்ள திரவத்தை இழுக்கும். அந்த இழுப்பு நுண்புழைக்குள் எட்டினால், மின்புலத்தால் சமமான முகப்புடன் நகர்ந்துகொண்டிருந்த திரவம், நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும் சாதாரணக் குழாய் ஓட்டமாகிவிடும். அரும்பாடுபட்டுப் பிரித்த வடிவங்கள் வெளியேறுவதற்குள் மீண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகும். வரைபடத்தில் முகடுகள் சீக்கிரமாகவும் அகலமாகவும் வரும்போது, வேகமான பகுப்பாய்வு என்று மகிழாமல் முதலில் உறிஞ்சலைத்தான் சந்தேகிக்க வேண்டும். துணைத் திரவத்தின் அளவை நெபுலைசரின் இழுப்புக்குச் சமமாக வைப்பது, நுழைவு முனையில் எதிரழுத்தம் கொடுப்பது, குறைந்த அளவில் இயங்கும் நுண் நெபுலைசரையும் சிறிய தெளிப்பறையையும் பயன்படுத்துவது ஆகியவை இதற்கு மருந்து. துணைத் திரவத்தில் சீசியம் போன்ற ஒரு தனிமத்தைச் சேர்த்து அதன் குறியைத் தொடர்ந்து கவனித்தால், தெளிப்பு சீராக இருக்கிறதா என்பது அவ்வப்போதே தெரிந்துவிடும்.

இப்போது துளிக்கு வருகிறேன். நுண்புழைக்குள் செலுத்தப்படும் மாதிரி சில நானோலிட்டர் முதல் சில பத்து நானோலிட்டர்தான். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள நீரில் 10 நானோலிட்டரை எடுத்தால் அதில் இருப்பது 10 ஃபெம்டோகிராம் (ஒரு பிக்கோகிராமில் நூறில் ஒரு பங்கு). அதே நீரில் 100 மைக்ரோலிட்டரைப் பழைய பிரிப்பு முறையான திரவ நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால் 100 பிக்கோகிராம், அதாவது பத்தாயிரம் மடங்கு ஆர்சனிக் உள்ளே போகிறது. அறிஞர் உலகம் நுண்புழை முறையின் எல்லையை ஃபெம்டோகிராமில் எழுதும்போது அது வியக்கத்தக்கதாகத் தோன்றும். அதையே லிட்டருக்கு இவ்வளவு என்று மாற்றி எழுதினால் பழைய முறையைவிட மோசமாக இருப்பதைக் காணலாம். குடிநீரில் 10 மைக்ரோகிராம் வரம்பைச் சோதிப்பவருக்கு நீருக்குப் பஞ்சமில்லை. அவர் நுண்புழையைத் தேடிப்போக எந்தக் காரணமும் இல்லை. குறைந்த கடத்துதிறனுள்ள கரைசலில் மாதிரியை வைத்து, மின்புலத்தாலேயே அதைக் குழாய்க்குள் ஒடுக்கிச் செறிவூட்டும் உத்திகள் உண்டு. அவை நிலைமையை வெகுவாகச் சீராக்கினாலும், கடல்நீர், சிறுநீர் போன்ற உப்பு மிகுந்த மாதிரிகளில் அதே உத்திகள் சரிவர வேலை செய்வதில்லை.

அப்படியானால் இம்முறை எங்கே இன்றியமையாதது? மாதிரி உண்மையிலேயே சிறிதாக இருக்கும் இடங்களிலும், வடிவங்கள் எளிதில் குலையக்கூடியவையாக இருக்கும் இடங்களிலும். நிறப்பிரிகைக் குழாயில் அடைத்திருக்கும் நிலையான பொருளின் பரப்பில் பட்டு, உலோகத்துக்கும் புரதத்துக்கும் இடையே உள்ள மெல்லிய பிணைப்புகள் விட்டுப்போகலாம். நுண்புழையில் அப்படியொரு பரப்பு கிடையாது. புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் ரத்தத்தில் சேர்ந்தபின் எவ்வளவு நேரத்தில் நீராற்பகுப்படைகின்றன, ரத்தப் புரதங்களான அல்புமினுடன் எந்த அளவு பிணைகின்றன, டிரான்ஸ்ஃபெரினுடன் சேர்வது எவ்வளவு என்பன போன்ற கேள்விகளுக்கு நுண்புழையும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியும் சேர்ந்து நல்ல விடைகள் தந்திருக்கின்றன. என் மதிப்பீட்டில் இம்முறையின் மிகச் சிறந்த பயன் இதுவே. கட்டுரையோ மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் குடிநீரைப் பற்றியே பேசியிருந்தது.

மென்மையான முறை என்பதால் மாதிரி சிறிதும் மாறாமல் வருகிறது என்றும் கொள்ளக் கூடாது. தாங்கல் கரைசலின் பி.எச்., நீர்த்தல், மின்னோட்டத்தால் குழாயில் எழும் வெப்பம், சுவரில் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஆகிய ஒவ்வொன்றும் சமநிலையைச் சற்றே நகர்த்தும். சுவரின் நிலை மாறும்போது திரவ ஓட்டமும் மாறுவதால், ஒரே சேர்மம் காலையில் ஒரு நேரத்திலும் மாலையில் வேறு நேரத்திலும் வெளிவரக்கூடும். வெளிவந்த நேரத்தை மட்டும் நம்பி ஒரு முகட்டுக்குப் பெயரிடுவது ஆபத்தானது. அந்தச் சேர்மத்தையே சிறிது மாதிரியில் சேர்த்து, அதே முகடு உயர்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பாதரசம், குரோமியம் போன்றவற்றில் ஒவ்வொரு வடிவத்துடனும் வெவ்வேறு செறிவூட்டிய ஐசோடோப்பைச் சேர்த்து, ஆய்வின்போது ஒரு வடிவம் மற்றதாக மாறியது எவ்வளவு என்பதையே அளந்து திருத்திக்கொள்ள முடியும். ஆர்சனிக்குக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்று என்பதால் அந்த வசதி இல்லை. அங்கே மாதிரியை எடுத்த கணத்திலிருந்து குளிரிலும் இருளிலும் காப்பதும், பிரித்தெடுக்கும் அமிலத்தின் வீரியத்தைக் கட்டுப்படுத்துவதும்தான் துணை.

எனவே, இப்பொருளில் அடுத்து ஒரு கட்டுரை வெளியிடும்போது, ஆய்வகத்தினரிடம் சில கேள்விகளைக் கேட்டு விடைகளையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். கண்டறியும் எல்லையை எடையில் சொல்கிறார்களா, செறிவில் சொல்கிறார்களா என்பது முதல் கேள்வி. தனித்தனியாக அளந்த வடிவங்களின் கூட்டுத்தொகை, அதே மாதிரியை அமிலத்தில் முழுவதும் செரித்து அளந்த மொத்தத்துடன் ஒத்துப்போகிறதா என்பது அதைவிட முக்கியமானது. மொத்தத்தில் பாதிதான் வடிவங்களாகக் கணக்கில் வருகிறது என்றால், மீதிப் பாதி பிரித்தெடுக்கப்படாமல் திசுவிலேயே தங்கிவிட்டதா, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டதா, பெயரிடாத முகடாக வரைபடத்தில் நிற்கிறதா என்பது தெரியும்வரை, ஆபத்தான வடிவம் இவ்வளவுதான் என்று தலைப்பிட்டுச் சொல்வதற்கு இடமில்லை. சரியான அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை உடன் அளந்தார்களா என்பதையும் கேட்கலாம். மொத்தப் பாதரசத்துக்கும் மெத்தில் பாதரசத்துக்கும் சான்று பெற்ற மீன் பொருட்கள் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திடமிருந்து நெடுங்காலமாகக் கிடைத்துவருவதால், அளக்கவில்லை என்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

தற்போதைய கட்டுரைக்கு, துளியளவு மாதிரியும் குறைந்த செறிவும் வெவ்வேறு என்பதை விளக்கும் ஒரு சிறு திருத்தக் குறிப்பையேனும் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
பகுப்பாய்வு வேதியியல் துறையைச் சேர்ந்த வாசகர்